நல்லா ஆடுற ஆளை ஏன் உட்கார வைக்கிறாங்க? ஸ்ட்ராஸ்பர்க்கும் 2012 செப்டம்பரும்

இந்த வாரம் பேஸ்பால். ஆமா, பேஸ்பால்தான். ஓடிடாதீங்க. இந்த எபிசோடைக் கேட்க உங்களுக்கு பேஸ்பால் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. ஆபீஸ்ல ரிலீஸுக்கு முந்தின வாரம் உடம்பு முடியாம இருந்தும், "இன்னும் ரெண்டே நாள், எப்படியாவது தள்ளிடலாம்"னு ஒரு தடவையாவது நினைச்சிருந்தீங்கன்னா போதும்.

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "சீசன் முடியப் போற நேரத்துல, கப் ஜெயிக்க வாய்ப்பு இருக்கும்போதே, சில டீம் தன்னோட பெஸ்ட் பிளேயரை உட்கார வைக்குதே, அது ஏன்?" நல்ல கேள்வி. இதுக்கு பதில் சொல்ல எனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த கேஸ் ஸ்டடி ஒண்ணுதான். 2012. வாஷிங்டன் நேஷனல்ஸ். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த விஷயத்துல என் கருத்து ரெண்டு தடவை மாறியிருக்கு. அதனால இன்னைக்கு தீர்ப்பு எதுவும் கிடையாது. கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்காக ரெண்டு நிமிஷம். பிட்சர் நம்ம ஊர் பௌலர் மாதிரி. ஆனா கிரிக்கெட்ல ஓவர் முடிஞ்சா மறுமுனையில இன்னொருத்தர் போடுவார், இவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பேஸ்பால்ல அது இல்ல. ஆட்டத்தைத் தொடங்குற பிட்சர், அவரை 'ஸ்டார்ட்டர்'னு சொல்வாங்க, தன்னோட டீம் ஃபீல்டிங் பண்ற நேரம் முழுக்க அவரேதான் போடணும். ஐந்து, ஆறு இன்னிங்ஸ், ஏறக்குறைய 100 பந்து. எல்லாமே கையை முறுக்கி முழு வேகத்துல.

அதனால ஒரு டீம் அஞ்சு ஸ்டார்ட்டர்களை வரிசையா வச்சிருக்கும். ஒருத்தருக்கு அஞ்சு நாளைக்கு ஒரு டர்ன். சீசன்ல மொத்தம் 162 ஆட்டம். காயமில்லாம முழு சீசன் ஆடுற ஸ்டார்ட்டருக்கு 32, 33 ஆட்டம் வரும். 180லிருந்து 200 இன்னிங்ஸ் வரைக்கும் போடுவார்.

இங்கே ஒரு இன்னிங்ஸ்னா மூணு அவுட். 159.1 இன்னிங்ஸ்னு எழுதியிருந்தா 159 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். நாம 19.3 ஓவர்னு எழுதறோமே, அதே ஸ்டைல்.

செப்டம்பர் மாசத்துக்கு இன்னொரு விசேஷமும் இருக்கு. அந்தக் காலத்துல 25 பேர்தான் ஆக்டிவ் ரோஸ்டர். செப்டம்பர் 1 ஆனதும் அதை 40 வரைக்கும் கூட்டிக்கலாம். 2020லிருந்து இதை 26லிருந்து 28னு சுருக்கிட்டாங்க. ஆக, செப்டம்பர்னா புதுப் பசங்களை மேல கொண்டு வந்து பார்க்கிற மாசம். தோத்துட்டு இருக்கிற டீமுக்கு அது அடுத்த வருஷத்துக்கான டெஸ்ட் என்விரான்மென்ட். ஜெயிச்சுட்டு இருக்கிற டீமுக்கு அது புரொடக்‌ஷன். நேஷனல்ஸோட சிக்கல் என்னன்னா, 2012ல அந்த டீம் ரெண்டாகவும் இருந்தது.

பையன் யாரு?

நேஷனல்ஸ் 2005ல மாண்ட்ரியல்ல இருந்து வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்த டீம். 2008ல 102 தோல்வி. 2009ல 103 தோல்வி. அப்போ அந்த லீக்ல மோசமா ஆடினா ஒரு நன்மை இருந்தது. டிராஃப்ட்ல முதல் ஆளா தேர்ந்தெடுக்க முடிஞ்சது. அப்படி 2009ல நேஷனல்ஸ் எடுத்த ஆள்தான் ஸ்ட்ராஸ்பர்க். சான் டியாகோ ஸ்டேட் காலேஜ் பையன். நாலு வருஷத்துக்கு 1.51 கோடி டாலர். அன்னைக்கு டிராஃப்ட் பிளேயருக்கு அது ரெக்கார்டு.

2010 ஜூன் 8, முதல் ஆட்டம். பிட்ஸ்பர்க்குக்கு எதிரா 14 ஸ்ட்ரைக்-அவுட், ஒரு வாக் கூட கொடுக்கல. அறிமுக ஆட்டத்துலயே பதினாலு பேரை பந்தைத் தொட விடாம அனுப்புறது சாதாரண விஷயமில்ல. நாடே பார்த்தது.

ஆகஸ்ட்ல முழங்கை போச்சு. லிகமெண்ட் கிழிஞ்சது. செப்டம்பர்ல டாமி ஜான் சர்ஜரி. உடம்பின் வேறொரு இடத்திலிருந்து, பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து, ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டுற ஆபரேஷன். 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்ல செஞ்சது டாமி ஜான்ங்கிற பிட்சருக்கு, அதான் அந்தப் பேர். திரும்பி வர ஒரு வருஷமாவது ஆகும். ஸ்ட்ராஸ்பர்க் 2011 செப்டம்பர்ல திரும்பி வந்து வெறும் 24 இன்னிங்ஸ் போட்டார். 2012தான் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் முழு சீசன். வயசு 23.

முன்கூட்டியே போட்ட ரூல்

ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ சீசனுக்கு முன்னாடியே சொல்லிட்டார். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஒரு வரம்பு உண்டு, அது வந்ததும் நிறுத்திடுவோம், டீம் எந்த இடத்துல இருந்தாலும் சரி. அவர் கையில ஒரு முன்மாதிரியும் இருந்தது. அதே டீம்ல ஜோர்டன் ஸிம்மர்மேன், அவருக்கும் அதே சர்ஜரி. 2011ல 161.1 இன்னிங்ஸ்ல நிறுத்தினாங்க. 2012ல முழு சீசன் ஆடி 195.2 இன்னிங்ஸ் போட்டார். "வேலை செய்யுதுல்ல, அதையே திரும்பப் பண்ணு" அப்படிங்கிற லாஜிக்.

பிப்ரவரில இதுக்கு யாரும் பெருசா சண்டை போடல. ஏன்னா 2011ல நேஷனல்ஸ் 80 வெற்றி, 81 தோல்வி. இந்த டீம் அக்டோபர்ல ஆடும்னு நினைச்சவங்க கம்மி.

ஆனா ஆடிட்டாங்க. அதுவும் எப்படி, 98 வெற்றி. அந்த வருஷம் லீக்லயே அதிக வெற்றி அவங்கதான். வாஷிங்டன் நகரத்துல ஒரு டீம் கடைசியா பிளேஆஃப் ஆடினது 1933. அதாவது 79 வருஷம். தாத்தா பார்த்தது, அப்பா பார்க்காதது, பேரன் பார்க்கப் போறது. அந்த நேரத்துல டீமோட நட்சத்திரத்தை வீட்டுக்கு அனுப்பப் போறேன்னு ஒரு மனுஷன் சொல்றார். ஊர் எப்படிக் கொதிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

செப்டம்பர் 7, மயாமிக்கு எதிரா ஸ்ட்ராஸ்பர்க் மூணு இன்னிங்ஸ்ல அஞ்சு ரன் கொடுத்தார். இன்னும் ஒரு ஸ்டார்ட் பாக்கி இருந்தது. ஆனா மறுநாளே "போதும்"னு அறிவிச்சிட்டாங்க. 28 ஸ்டார்ட், 159.1 இன்னிங்ஸ், 15 வெற்றி, 6 தோல்வி, 197 ஸ்ட்ரைக்-அவுட். முழங்கையில வலி இல்ல. அவருக்கு இந்த முடிவுல சந்தோஷமும் இல்ல. ஆடணும்னுதான் இருந்தார்.

அக்டோபர்ல என்ன ஆச்சு?

முதல் சுற்று, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அஞ்சு ஆட்டத் தொடர். ரெண்டாவது ஆட்டம் 12-4 தோல்வி. மூணாவது 8-0 தோல்வி. "ஸ்ட்ராஸ்பர்க் இருந்திருந்தா?" அப்படிங்கிற கேள்வி காத்துல மிதக்குது. நாலாவது ஆட்டத்துல ராஸ் டெட்வைலர் போட்டார். ஸ்ட்ராஸ்பர்க் இருந்திருந்தா அனேகமா டெட்வைலருக்கு அந்த டர்ன் வந்திருக்காது. ஆறு இன்னிங்ஸ், வெறும் மூணு ஹிட், பிரமாதமா போட்டார். ஜேசன் வெர்த் கடைசில ஹோம் ரன் அடிச்சு 2-1 வெற்றி.

ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 12. மூணு இன்னிங்ஸ் முடியும்போது நேஷனல்ஸ் 6-0 முன்னணி. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-5. ரெண்டு அவுட் ஆயிடுச்சு. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும்ங்கிற நிலைமை ஒரு தடவைக்கு மேல வந்தது. அங்கிருந்து நாலு ரன் கொடுத்து 9-7ன்னு தோத்தாங்க. போட்டது ட்ரூ ஸ்டோரன், கடைசி இன்னிங்ஸ் ஸ்பெஷலிஸ்ட்.

கவனிங்க. தோத்தது கடைசி இன்னிங்ஸ்ல, வேற வேலை பார்க்கிற பிட்சர் கையில. ஆனா பழி மொத்தமும் யார் மேல போச்சு? ரிஸ்ஸோ மேல. நம்ம ஊர்லயும் இதே கதைதான். ரிசல்ட் வந்ததும் எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி ஆயிடும்.

"ஏப்ரல்ல உட்கார வச்சிருக்கலாமே?"

இதுதான் எல்லாரும் சொல்ற மாற்று யோசனை. நானும் பல வருஷம் இதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். 160 இன்னிங்ஸ்தான் பட்ஜெட்னா, அதை ஏன் முதல் நாளிலிருந்தே செலவு பண்ணணும்? ஏப்ரல்ல போட்ட இன்னிங்ஸும் அக்டோபர்ல போடற இன்னிங்ஸும் முழங்கைக்கு ஒண்ணுதான். டீமுக்கு ஒண்ணு இல்லையே.

சரி, கணக்கு போடுவோம். 28 ஸ்டார்ட்டுக்கு 159.1 இன்னிங்ஸ்னா, ஒரு ஸ்டார்ட்டுக்கு சராசரியா 5.2. செப்டம்பர் 8லிருந்து சீசன் முடியற வரைக்கும் ஏறக்குறைய அஞ்சு டர்ன். அக்டோபர்ல கடைசி வரைக்கும் போனா இன்னும் நாலு, அஞ்சு. ஆக, மொத்தம் பத்து ஸ்டார்ட்டை மிச்சம் பிடிக்கணும். அதாவது அவரை மே கடைசி வரைக்கும் களத்துல இறக்காம இருந்திருக்கணும். ஒரு மாசம் இல்ல, ரெண்டு மாசம்.

இப்போ அடுத்த ஸ்டெப். நேஷனல்ஸ் டிவிஷனை எத்தனை ஆட்ட வித்தியாசத்துல ஜெயிச்சாங்க? 98 வெற்றி, ரெண்டாவது இடத்துல அட்லாண்டா 94. நாலே ஆட்டம். அந்தப் பத்து ஸ்டார்ட்டும் சாதாரண பிட்சர் கைக்குப் போயிருந்தா, அந்த நாலு ஆட்ட வித்தியாசம் அப்படியே இருந்திருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. 2012ல அப்போதைய புது ரூல் வேற: டிவிஷன் ஜெயிக்காத ரெண்டு டீம், ஒரே ஒரு ஆட்டம், தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதாவது அக்டோபருக்காகச் சேமிக்கப் போய், அக்டோபரே ஒரு நாள்ல முடிஞ்சிருக்கலாம்.

இது கற்பனை இல்ல. அட்லாண்டாவுக்கு அதுதான் நடந்தது. அவங்ககிட்ட கிரிஸ் மெட்லன்னு ஒரு பிட்சர். அவருக்கும் 2010ல அதே டாமி ஜான் சர்ஜரி. அட்லாண்டா நாம சொல்ற மாதிரியே செஞ்சாங்க. ஜூலை கடைசி வரைக்கும் அவரை ரிலீவரா, சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்தி, அப்புறம்தான் ஸ்டார்ட்டரா மாத்தினாங்க. மனுஷன் பின்னி எடுத்தார். சீசன் முழுக்க 10 வெற்றி, ஒரே தோல்வி. அக்டோபருக்கு ஃப்ரெஷ்ஷா இருந்தார். என்ன ஆச்சு? அந்த ஒரே ஒரு ஆட்டம், அதே செயின்ட் லூயிஸ். ஃபீல்டிங்ல மூணு தப்பு, 6-3 தோல்வி, சீசன் முடிஞ்சது. 2014 மார்ச்ல மெட்லனுக்கு அதே முழங்கைல ரெண்டாவது டாமி ஜான் சர்ஜரி.

ஆக, புத்திசாலித்தனமான பிளான், மோசமான ரிசல்ட். இதுவும் நடக்கும்.

நிறுத்தாம விட்டா?

அடுத்த கேஸ். மேட் ஹார்வி, நியூயார்க் மெட்ஸ். 2013 அக்டோபர்ல சர்ஜரி, 2014 முழுக்க ஆடல, 2015ல திரும்பி வந்தார். ஸ்ட்ராஸ்பர்க்கோட ஏஜென்ட் ஸ்காட் போராஸ்தான் இவருக்கும் ஏஜென்ட். 2015 செப்டம்பர்ல போராஸ் 180 இன்னிங்ஸ்தான் வரம்புன்னார். டீம் ஒத்துக்கல. ரசிகர்கள் ஹார்வியைத் துரோகி ரேஞ்சுக்குத் திட்டினாங்க. கடைசில ஹார்வியே "நான் பிளேஆஃப் ஆடுவேன்"னு எழுதினார். பிளேஆஃப் சேர்த்து மொத்தம் 216 இன்னிங்ஸ் போட்டார்.

வேர்ல்டு சீரிஸ் ஐந்தாவது ஆட்டம். எட்டு இன்னிங்ஸ், ஒரு ரன் கூட கொடுக்கல. மேனேஜர் டெரி காலின்ஸ் மாத்த நினைச்சார். ஹார்வி "நான்தான் போடுவேன்"னு நின்னார். காலின்ஸ் விட்டுக்கொடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஒரு வாக், ஒரு டபுள். கான்சஸ் சிட்டி 2-2ன்னு சமன் பண்ணி, 12ஆவது இன்னிங்ஸ்ல 7-2ன்னு கப்பை எடுத்துட்டுப் போயிடுச்சு. 2016 ஜூலைல ஹார்விக்கு தோள்பட்டைப் பக்கம் நரம்பு, ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் பழைய ஹார்வி வரவே இல்ல. 2018 மே மாசம் மெட்ஸ் அவரை ரோஸ்டரிலிருந்தே எடுத்துட்டாங்க.

அந்த 216 இன்னிங்ஸ்தான் காரணமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு ஆளை வச்சு அதை நிரூபிக்க முடியாது. அதே சமயம், 160ங்கிறதும் மந்திர எண் கிடையாது. 159 ஓகே, 161ல முழங்கை வெடிக்கும்னு எந்த அறிவியலும் இல்ல. உண்மையில இன்னிங்ஸ் ஒரு நல்ல அளவுகோலே கிடையாது. ஒரு இன்னிங்ஸ் எட்டு பந்துலயும் முடியும், முப்பது பந்துலயும் முடியும். சர்வர் லோடை லாகின் எண்ணிக்கை வச்சு அளக்கிற மாதிரி. கிடைச்ச நம்பரை எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்ட்ராஸ்பர்க் என்ன ஆனார்?

2014ல 215 இன்னிங்ஸ், 242 ஸ்ட்ரைக்-அவுட். டீம் 2012, 2014, 2016, 2017 நாலு தடவையும் முதல் சுற்றுலயே வெளியேறிச்சு. "இன்னும் நிறைய வருஷம் இருக்கு"ங்கிற நம்பிக்கைலதான் அன்னைக்கு அவரை நிறுத்தினாங்க. வருஷங்கள் வந்தது. கப் வரல.

அப்புறம் 2019. சீசன் ஆரம்பத்துல 19 வெற்றி, 31 தோல்வி. அங்கிருந்து ஏறி வேர்ல்டு சீரிஸ் வந்தாங்க. ஹூஸ்டன்ல ஆறாவது ஆட்டம், தோத்தா கப் போச்சு. ஸ்ட்ராஸ்பர்க் 8.1 இன்னிங்ஸ், ரெண்டே ரன். 7-2 வெற்றி. மறுநாள் ஏழாவது ஆட்டமும் ஜெயிச்சாங்க. அந்த பிளேஆஃப்ல ஸ்ட்ராஸ்பர்க் 5 வெற்றி, தோல்வியே இல்ல. வேர்ல்டு சீரிஸ் எம்விபி.

நான் முதன்முதலா முழுசா பார்த்த பேஸ்பால் ஆட்டம் அதுதான். காலேஜ் கடைசி வருஷம், ஹாஸ்டல், விடியற்காலை, பக்கத்து ரூம் வைஃபை. அப்போ எனக்கு 2012 கதை தெரியாது. அப்புறம் படிச்சப்போ முதல்ல தோணினது "ரிஸ்ஸோ முட்டாள்". 2019ஐச் சேர்த்துப் பார்த்தப்போ "ரிஸ்ஸோ தீர்க்கதரிசி". ரெண்டுமே தப்புன்னு இப்போ நினைக்கிறேன்.

ஏன்னா கதை அங்கே முடியல. அதே 2019 டிசம்பர்ல ஏழு வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதுக்கப்புறம் ஸ்ட்ராஸ்பர்க் ஆடினது மொத்தமே எட்டு ஸ்டார்ட், 31.1 இன்னிங்ஸ். ஹார்விக்கு வந்த அதே நரம்புப் பிரச்சினை. 2024ல ஓய்வு. கவனமா பாதுகாத்த கையும் கடைசில போச்சு. கையை முறுக்கி மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல பந்து எறியற வேலை, உடம்பு அதுக்காகச் செஞ்சது இல்ல.

என் கணக்கு

அப்போ எதை வச்சு முடிவை எடை போடறது? நான் மூணு கேள்வி கேட்பேன்.

ஒண்ணு, ரூலை எப்போ போட்டாங்க? ரிஸ்ஸோ பிப்ரவரில போட்டார், தலை குளிர்ச்சியா இருக்கும்போது. செப்டம்பர்ல, 79 வருஷப் பசியோட ஊரே வெளியில நிக்கும்போது போடல. இதுக்கு முழு மார்க்.

ரெண்டு, ரூல்ல எல்லா சூழ்நிலையையும் யோசிச்சாங்களா? இல்ல. "நாம அக்டோபர் ஆடினா?"ங்கிற கேள்விக்கு அந்த பிளான்ல பதில் இல்ல. ரெண்டு மாசம் உட்கார வைக்க முடியாதுதான். ஆனா மாசத்துக்கு ஒரு டர்ன் தள்ளியிருக்கலாம், சில ஆட்டத்துல ஒரு இன்னிங்ஸ் முன்னாடியே எடுத்திருக்கலாம். ஒழுங்கா அஞ்சு நாளைக்கு ஒருமுறை போடறதுதான் கைக்கு நல்லதுங்கிறது அவங்க வாதம். அதுவும் நியாயம்தான். ஆனாலும் பிளேஆஃப்ல ஒரு ரெண்டு ஸ்டார்ட்டாவது மிச்சம் பிடிக்க முயற்சி பண்ணியிருக்கணும். இதுல பாதி மார்க்.

மூணு, நிறுத்துற அதிகாரம் யாருக்கு? இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஸ்ட்ராஸ்பர்க் ஆடத் தயார். ஹார்வியும் தயார். களத்துல நிக்கிறவன் எப்பவுமே தயார்னுதான் சொல்வான். நிறுத்துன்னு சொல்ல வெளியில ஒருத்தர் வேணும். நேஷனல்ஸ்ல இருந்தார். அன்னைக்கு ராத்திரி மெட்ஸ்ல இருந்தவர் விட்டுக்கொடுத்துட்டார்.

இதை நான் ஏன் இவ்வளவு பேசறேன்னா, என் முதல் வேலைல, கம்பெனி பேர் வேண்டாம், ஒரு பெரிய ரிலீஸ் டைம்ல வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பிச்சது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. ஸ்டாண்ட்-அப்ல தினமும் "முடியுமா?"ன்னு கேட்டாங்க, தினமும் நான்தான் "முடியும்"னேன். ரிலீஸ் நல்லபடியா போச்சு, கேக் வெட்டினாங்க. அடுத்த நாலு மாசம் இட்லியைப் பிச்சுச் சாப்பிடவே கஷ்டப்பட்டேன். அந்த ரிலீஸ்ல போன ஃபீச்சரை அடுத்த வருஷமே தூக்கிட்டாங்க. (சிரிப்பு)

சரியான நேரத்துல நிறுத்தினவருக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க மக்களே. நடக்காத காயம் யார் கண்ணுக்கும் தெரியாது, தோத்த ஆட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அடுத்த பெரிய ரிலீஸோ, எக்ஸாமோ, கல்யாண வேலையோ, அது தொடங்கறதுக்கு முன்னாடியே உங்க வரம்பு என்னன்னு எழுதி, உங்களை அதட்டக்கூடிய ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க. அவங்க "போதும்"னு சொல்ற அன்னைக்கு உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

உங்க ஆபீஸ்ல, வீட்டுல இப்படி யாராவது உங்களை நிறுத்தியிருந்தா அந்தக் கதையை எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம். மணிக்கட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க.